எங்க ரூம்ல எல்லாருக்கும் தெரியும்!

‘சுகர்’னு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருது? காலையில வாக்கிங் போற பெரியப்பா, கல்யாண வீட்டுல ‘எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாம காபி’னு கேட்கிற மாமா, ‘ஒரே ஒரு டம்ளர் பாயசம்’னு கெஞ்சுற தாத்தா... கரெக்ட்டா? அந்த லிஸ்ட்ல ஜீன்ஸ் போட்டுக்கிட்டு, காதுல இயர்போன் மாட்டிக்கிட்டு, திருச்சியில பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி செகண்ட் இயர் படிக்கிற ஒரு பொண்ணையும் சேர்த்துக்கோங்க. அது அடியேன்தான்!

“ஐயோ, இந்த வயசுலயா? நிறைய ஸ்வீட் சாப்பிட்டியா?” - என் வாழ்க்கையில நான் அதிகமா கேட்ட கேள்வி இதுதான். இல்லைங்க சாமி! பெரியப்பாவுக்கு இருக்கிறது டைப்-2. அவர் உடம்புல இன்சுலின் இருக்கும், ஆனா சரியா வேலை செய்யாது, இல்லைன்னா தேவைக்குப் பத்தாது. எனக்கு இருக்கிறது டைப்-1. நம்ம உடம்போட எதிர்ப்புச் சக்தியே ஆள் அடையாளம் தெரியாம, கணையத்துல இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்களை எதிரின்னு நினைச்சு அடிச்சு நொறுக்கிடும். இதுல லட்டுக்கும் ஜிலேபிக்கும் ஒரு பங்கும் கிடையாது.

எட்டாவது படிக்கும்போது, சில வாரத்துலயே யூனிஃபார்ம் தொளதொளன்னு ஆச்சு. குடம் குடமா தண்ணி குடிச்சேன். கிளாஸ்ல அரை மணிக்கு ஒரு தடவை ‘மிஸ், பாத்ரூம்’. ரத்த டெஸ்ட் எடுத்ததும் விஷயம் தெரிஞ்சுபோச்சு. அன்னையில இருந்து தினமும் நாலு ஊசி. ஞாயித்துக்கிழமை, தீபாவளி, செமஸ்டர் லீவு... எதுக்கும் விடுமுறை இல்லை.

இன்சுலின் வர்றதுக்கு முந்தி இந்த வியாதி வந்திருந்தா பிழைச்சிருக்க வழியே இல்லை. 1921-ல் கனடாவோட டொரன்டோ நகரத்துல ஃபிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டுபிடிச்சாங்க. 1922 ஜனவரியில் முதல்முதலா அந்த ஊசியைப் போட்டுக்கிட்டது லியோனார்ட் தாம்ப்சன்கிற 14 வயசுப் பையன். சாகப்போறான்னு எல்லாரும் நினைச்ச அவன், அதுக்கப்புறம் 13 வருஷம் வாழ்ந்தான். எனக்கு முதல் ஊசி போட்டப்போ என் வயசு 13. அவனை நான் என் சீனியர்னுதான் நினைச்சுக்குவேன்!

ஆனா இன்சுலின் ஒரு பொல்லாத நண்பன். குறைச்சலா போட்டா சர்க்கரை மேல ஏறும். கூடிப்போச்சுன்னா சரசரன்னு கீழ இறங்கும். 70-க்குக் கீழ போனா கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும். இன்னும் கீழ போனா வலிப்பு, மயக்கம். உங்க கணையம் உங்களைக் கேட்காமலே செய்யற கணக்கை, நான் தினமும் மெஸ் தட்டைப் பார்த்துக்கிட்டு மனசுக்குள்ள போட்டாகணும். ‘இன்னைக்குப் பொங்கலா, இட்லியா? சாயங்காலம் டான்ஸ் ப்ராக்டிஸ் இருக்கா? பஸ் லேட்டானா என்ன பண்றது?’

இங்கதான் ஒரு சின்னக் கணக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்க்கிறேன். அவர் ரொம்ப நல்லவர். கூட்டத்துலயும் எனக்குக் கால் மணி நேரம் ஒதுக்குவார். மூணு மாசத்துக்கு மொத்தம் 2,160 மணி நேரம். மீதி 2,159 மணி 45 நிமிஷத்துக்கு யார் டாக்டர்? நான்தான்! எம்.பி.பி.எஸ். படிக்காத, இன்டர்னல் டெஸ்ட்டுக்கே ராத்திரி முழிச்சுப் படிக்கிற நான்!

அந்த இடைவெளியை முதல்ல நிரப்புனது என் போன்.

சிரிக்காதீங்க. ‘எப்பப் பாரு போனு, போனு’னு வீட்டுல நம்மளைத் திட்டுற அதே போன்தான். எங்க க்ளினிக்ல ஒரு டயட்டீஷியன் அக்கா இருக்காங்க. அவங்க முதல்ல எனக்கு வாரம் ரெண்டு மெசேஜ் தமிழ்ல அனுப்ப ஆரம்பிச்சாங்க. எல்லாமே குட்டிக் குட்டி விஷயம். ‘ஊசியை ஒரே இடத்துல போடாதே, மாத்தி மாத்திப் போடு.’ ‘வெளியே கிளம்பும்போது பையில குளுக்கோஸ் இருக்கான்னு பாரு.’ ‘காய்ச்சல் வந்து சாப்பிட முடியலைன்னாலும் இன்சுலினை நீயா நிறுத்தாதே, எங்களுக்கு போன் பண்ணு.’ புஸ்தகமா கொடுத்திருந்தா அட்டையைக்கூடத் திறந்திருக்க மாட்டேன். மெசேஜா வந்ததால பஸ்ல நின்னுக்கிட்டே படிச்சேன்.

‘ரெண்டு வரி மெசேஜ் போய் என்ன பெருசா கிழிக்கும்?’னு கேட்டா, அதுக்கு நம்ம பக்கத்துலயே பதில் இருக்கு. சென்னையில இருக்கிற டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் ஒரு ஆராய்ச்சி செஞ்சு, 2013-ல் அதோட முடிவை வெளியிட்டாங்க. சர்க்கரை நோய் எல்லைக்கோட்டுல நின்ன 537 ஆண்கள். எல்லாரும் தென்னிந்தியாவுல வேலைக்குப் போறவங்க. எல்லாருக்குமே ஆரம்பத்துல சாப்பாடு, உடற்பயிற்சி பத்தி அட்வைஸ். அதுக்கப்புறம் பாதிப் பேருக்கு மட்டும் அடிக்கடி எஸ்.எம்.எஸ். ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, எஸ்.எம்.எஸ். வராதவங்கள்ல 27 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் வந்திருந்துச்சு. எஸ்.எம்.எஸ். வந்தவங்கள்ல 18 சதவீதம்தான்! ஸ்மார்ட் போன்கூட வேண்டாம், பட்டன் போனே போதும்.

அது டைப்-2 வராம தடுக்கிற கதை. டைப்-1 மெசேஜால நிக்காது, எனக்கு இன்சுலினைத் தவிர வேற வழியில்லை. ஆனா ஒரு விஷயம் ரெண்டுக்கும் பொது. அட்வைஸை ஒரே நாள்ல மூட்டையா இறக்கி வெச்சா மறந்துடுவோம். கொஞ்சம் கொஞ்சமா, தேவைப்படுற நேரத்துல வந்தா செய்வோம். அவ்ளோதான் சூட்சுமம்.

அப்புறம் அந்த அக்கா ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சாங்க. எல்லாருமே டைப்-1. ஸ்கூல் பசங்க, காலேஜ் பசங்க, ரெண்டு மூணு பேர் வேலைக்குப் போறவங்க. முதல் நாள் நான் ‘ஹாய்’ போட்டேன். பட்டுனு ஒரு பதில்: “வா மச்சி, உன் டோட்டல் ஊசி ஸ்கோர் எவ்ளோ?” அன்னைக்கு நான் சிரிச்ச மாதிரி ஆறு வருஷத்துல சிரிச்சதே இல்லை. ‘பாவம்’னு சொல்லாத ஒரு கூட்டம் அமையறது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா?

அந்த குரூப்ல கத்துக்கிட்டதை எந்தப் புஸ்தகத்துலயும் தேடிப்பிடிக்கிறது கஷ்டம். ஹாஸ்டல்ல ஃப்ரிட்ஜ் இல்லையா? பெரிய மண்பானையில ஈர மணலைப் போட்டு, அதுக்குள்ள ஒரு சின்னச் சட்டியைப் புதைச்சு, மூடி போட்ட டப்பால இன்சுலினை வெச்சிடு, மே மாசத்துலயும் சூடு தாக்காதுன்னு சொன்னது ஒரு தருமபுரிப் பையன். அவங்க ஊர்ல கரன்ட் போனா அவங்க அம்மா அப்படித்தான் செய்வாங்களாம். பரிட்சை ஹால்ல மிட்டாய் எடுத்துட்டுப் போக விடுவாங்களான்னு ஒருத்தி பயந்தப்போ, சி.பி.எஸ்.இ. 2017-லேயே பொதுத்தேர்வு எழுதுற டைப்-1 மாணவர்களுக்கு மிட்டாய், பழம், சாண்ட்விச் எல்லாம் கொண்டுபோக அனுமதி கொடுத்த விவரத்தை எடுத்துப் போட்டது ஒரு டெல்லி ரிட்டர்ன் அண்ணன். அதைக் காட்டியே அவ தன்னோட காலேஜ்ல பர்மிஷன் வாங்கிட்டா.

குரூப்புக்கு ரெண்டே ரெண்டு சட்டம். ஒண்ணு, ‘எத்தனை யூனிட் போடலாம்?’னு இங்க கேட்கக் கூடாது, கேட்டாலும் யாரும் சொல்லக் கூடாது. அது டாக்டர் வேலை. ரெண்டு, ‘இந்த இலையை அரைச்சுக் குடிச்சா சுகர் ஓடிப்போகும்’ டைப் ஃபார்வர்டு போட்டா ஒரு வாரம் சஸ்பெண்ட்!

ரெண்டாவது சட்டத்தைப் பார்த்து நானும் முதல்ல சிரிச்சேன். அது ஏன்னு போன வருஷம் புரிஞ்சுது. குரூப்ல ஒரு அக்காவுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டு இருந்தாங்க. மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் தெரியாது. யாரோ ஒரு சொந்தக்காரர் ‘நாற்பது நாள் ஜூஸ்’ வீடியோ ஒண்ணை அனுப்ப, அவங்க வீட்டுல ஊசியை நிறுத்திடலாம்னு முடிவே பண்ணிட்டாங்க. ராத்திரி பத்தரை மணிக்கு குரூப்ல ஒரே ஒரு வரி: “நாளையில இருந்து ஊசி இல்லப்பா, எனக்கு விடுதலை.” கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை.

யாரும் திரும்பச் சிரிக்கலை. டைப்-1 இருக்கிறவங்க இன்சுலினை நிறுத்தினா என்ன ஆகும்னு எங்க எல்லாருக்கும் தெரியும். சர்க்கரையை எரிக்க முடியாம உடம்பு கொழுப்பை எரிக்கும், ரத்தத்துல அமிலம் சேரும், வாந்தி, மூச்சு வாங்கல், கோமா... மாசக்கணக்கு இல்லைங்க, சில நாள்லயே உயிருக்கு ஆபத்து. வரிசையா போன் அடிச்சோம். முதல் மூணு பேர் காலை அவங்க எடுக்கலை. நாலாவதா பண்ணினது டைப்-1 இருந்தும் கல்யாணமாகி, ஒரு பாப்பாவும் இருக்கிற ஒரு கோயம்புத்தூர் அக்கா. அவங்க அட்வைஸ் எதுவும் பண்ணலை. தன் மாமியார்கிட்ட முதல்முதலா எப்படிச் சொன்னாங்கன்னு தன் கதையை மட்டும் சொல்லியிருக்காங்க. ஒரு மணி நேரம். மறுநாள் காலையில குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு: இன்சுலின் பேனா, பக்கத்துல இட்லி. கீழே ஒண்ணும் எழுதலை. நாங்க போட்ட ஹார்ட்டுக்கு அளவே இல்லை!

அந்த விஷயத்தை டாக்டர் சொல்லியிருந்தா ‘சரிங்க டாக்டர்’னு தலையாட்டிட்டு வந்திருப்பாங்க. அதே நிலைமையில இருந்து தாண்டி வந்த ஒருத்தி சொன்னதாலதான் அது உள்ளே இறங்குச்சு.

அதுக்காக நாலு பேர் கூடிட்டா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல வரலை. பக்கத்துல கேரளாவுல, திருவனந்தபுரம் மாவட்டத்தோட 60 இடங்கள்ல இப்படி ஒரு முயற்சி நடந்துச்சு. ஆபத்து வளையத்துல இருந்த 1,007 பேரைச் சேர்த்து, சில பகுதிகள்ல அக்கம்பக்கத்துக்காரங்களையே பயிற்சி கொடுத்துத் தலைவர்களாக்கி, ஒரு வருஷம் குழுவா கூட வெச்சாங்க. 2018-ல் முடிவு வந்துச்சு. சில பழக்கவழக்கங்கள் நல்லபடியா மாறியிருந்தாலும், ரெண்டு வருஷத்துல சர்க்கரை நோய் வந்தவங்க எண்ணிக்கையில உறுதியா சொல்லுற அளவுக்கு வித்தியாசம் இல்லை. கூட்டம் கூடறது மந்திரம் இல்லை. மருந்துக்கும் டாக்டருக்கும் பதிலா ஃப்ரெண்ட்ஸ் வர முடியாது. மருந்தை விடாம எடுக்க வைக்கிறதுதான் ஃப்ரெண்ட்ஸோட வேலை.

ஆனா போனுக்கும் ஒரு எல்லை இருக்கு. குரூப்ல இருக்கிற அத்தனை பேரும் என் மேல உயிரையே வெச்சிருந்தாலும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தராலயும் தருமபுரியில இருந்து கையை நீட்டி என் வாயில சர்க்கரையைப் போட முடியாதே!

நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பினப்போ அம்மா சொன்னது இன்னும் காதுல இருக்கு. “அங்கே யாருகிட்டயும் சொல்லீராத கண்ணு. நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவிய காதுக்குப் போயிருச்சுன்னா என்ன பண்ணுவ?” எங்க ஊர் கோபி பக்கம். அம்மாவைத் தப்பு சொல்ல மாட்டேன். ஊர் வாயைத் தெரிஞ்ச அம்மா. அம்மாயி அதுக்கும் மேல: “பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு ஊசி போட்டுக்க சாமி.”

போன் இருந்ததால ரகசியமா இருக்கிறதும் ஈஸிதான். மெசேஜ் போனுக்குள்ள வரும், குரூப் போனுக்குள்ள இருக்கும், யாருக்கும் தெரியாது. ஆனா குரூப்ல அந்தக் கோயம்புத்தூர் அக்கா ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க: “ஹாஸ்டல் போனதும் மூணு பேருக்காவது சொல்லிடு. ஒருத்தி ஊருக்குப் போயிட்டா இன்னொருத்தி இருக்கணும். இன்னொருத்தி தூங்குமூஞ்சியா இருந்தா மூணாவது ஒருத்தி வேணும்!”

முதல் வாரமே சொல்லிட்டேன். எங்க ரூம்ல மொத்தம் நாலு பேர். ராமநாதபுரம், தென்காசி, திருவண்ணாமலை, நான். முதல்ல ஒரு நிமிஷம் சைலன்ஸ். அப்புறம் தென்காசிக்காரி கேட்டா: “எலே, அப்போ நீ மயங்கி விழுந்தா நாங்க என்ன செய்யணும்?” எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ‘எப்படி வந்துச்சு?’னு கேட்காம, ‘என்ன செய்யணும்?’னு கேட்ட முதல் ஆள் அவதான்.

என்ன செய்யணும்கிறதை தமிழ்ல ரெண்டு நிமிஷ வாய்ஸ் நோட்டா பேசி மூணு பேருக்கும் அனுப்பி வெச்சேன். வார்டன் அம்மாவுக்கும்தான். ஊசி விஷயம் தெரிஞ்சு முதல்ல புருவத்தை உயர்த்தினவங்க, டாக்டர் லெட்டரைப் பார்த்ததும், “என் ஆபீஸ் ஃப்ரிட்ஜ்ல ஒரு தட்டு உனக்கு”ன்னுட்டாங்க. மண்பானைக்கு ரிட்டயர்மென்ட்!

நாலாவது மாசம் கல்ச்சுரல்ஸ் வந்துச்சு. மூணு மணி நேரம் டான்ஸ் ப்ராக்டிஸ். ராத்திரி நல்லா சாப்பிட்டு, படுக்கும்போது செக் பண்ணினா 140. எல்லாம் கணக்குப்படிதான். ஆனா நல்லா ஆடி முடிச்ச உடம்பு, பல மணி நேரம் கழிச்சும் ரத்தத்துல இருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கிட்டே இருக்கும்.

அப்புறம் நடந்தது மத்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். ராத்திரி ரெண்டு மணி. பக்கத்துக் கட்டில் ராமநாதபுரம் தண்ணி குடிக்க எழுந்திருக்கா. ஃபேன் ஓடியும் நான் தெப்பலா நனைஞ்சு, என்னமோ உளறிக்கிட்டு இருந்தேனாம். வேற யாரா இருந்தாலும் ‘கனவு காணுறா’னு போர்வையை இழுத்து விட்டுட்டுப் படுத்திருப்பாங்க. அவ லைட்டைப் போட்டா. என் விரல்ல குத்தி மீட்டர்ல பார்த்தா 48. திருவண்ணாமலை என்னை உட்கார வெச்சுத் தாங்கிக்க, தென்காசி அரை டம்ளர் தண்ணியில மூணு ஸ்பூன் சர்க்கரை கலக்கி, நான் முழுங்குறேனான்னு பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கா. அப்புறம் மூணு பேரும் போன்ல அலாரம் வெச்சுக்கிட்டு 15 நிமிஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்காங்க. திரும்பச் செக் பண்ணினா 82. அதுக்கப்புறம் பிஸ்கட். அதுக்கப்புறம்தான் ஒருத்தி அழுதாளாம். யாருன்னு இன்னும் சொல்ல மாட்டேங்கிறாங்க!

காலையில அவங்களே அம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லையாம். அடுத்த வாரம் கோபியில இருந்து பஸ் ஏறி வந்தாங்க. ஒரு தூக்குப்போசி நிறைய முறுக்கு. கூடவே மூணு பேருக்கும் தனித்தனியா ஒரு குளுக்கோஸ் பாக்கெட். “தலைமாட்டுலயே வெச்சுக்கங்க கண்ணுகளா.” ‘யாருகிட்டயும் சொல்லீராத’ங்கிற பேச்சு அதுக்கப்புறம் எங்க வீட்டுல வரவே இல்லை. பொண்ணு பார்க்க வர்றவங்க விஷயத்தை அப்போ பார்த்துக்கலாம். முதல்ல பொண்ணு இருக்கணும்ல!

ஐ.சி.எம்.ஆர். ஆய்வு ஒண்ணு 2023-ல் வந்துச்சு. அது போட்ட கணக்குப்படி இந்தியாவுல 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் எல்லைக்கோட்டுல. அதனால ‘எங்க கிளாஸ்ல யாருக்கும் இல்லை’னு நீங்க சொன்னா, அதுக்குப் பாதி நேரம் அர்த்தம் ‘எங்ககிட்ட யாரும் சொல்லலை’ங்கிறதுதான். சொல்லாததுக்குக் காரணம் பெரும்பாலும் ஊசி வலி இல்லை. ‘ஐயோ பாவம்’, ‘உனக்கெதுக்கு கேக்?’, ‘தாத்தா வியாதி’ங்கிற கலாய் வலிதான்.

அதனால நீங்க பண்ண வேண்டியது ரொம்ப சிம்பிள். யாராவது சொன்னா, தென்காசிக்காரி கேட்ட கேள்வியைக் கேளுங்க. அப்புறம் இந்த மூணு வரியை உங்க போன்ல ஏத்தி வெச்சுக்கோங்க. சுகர் இருக்கிற ஃப்ரெண்ட் திடீர்னு வேர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமப் பேசினா, முழுங்க முடியுற நிலைமையில இருந்தா, மூணு ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ உடனே தண்ணியில கலந்து கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பாருங்க. சரியாகலைன்னா மறுபடி அதே அளவு கொடுங்க. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு 108-க்கு அடிங்க.

உங்களுக்கே சுகர்னா? அரசு ஆஸ்பத்திரியில இன்சுலின் இலவசமா கிடைக்குது, அதை விடாதீங்க. உங்க டாக்டர்கிட்டயே கேட்டு, உங்களை மாதிரி இருக்கிற இன்னொருத்தரோட நம்பரை வாங்குங்க. உங்க ரூம்ல மூணு பேருக்குச் சொல்லுங்க.

நவம்பர் 14 குழந்தைகள் தினம்னு நமக்குத் தெரியும். அதே நாள்தான் உலக நீரிழிவு தினமும். இன்சுலின் கண்டுபிடிச்ச பான்டிங் 1891-ல் பிறந்தது அன்னைக்குத்தான். இந்தத் தடவை அன்னைக்கு எங்க ரூம்ல கேக் வெட்டுறோம். எனக்கும் ஒரு துண்டு உண்டு, கணக்குப் போட்டு! கணக்குப் போட இப்போ நான் மட்டும் இல்லை, நாலு பேர் இருக்கோம்.